பொருள்: கூட்டக் குறிப்பிலிருந்து டிக்கெட்டுக்கு – ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

காரைக்குடியில் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். ஆத்தங்குடித் தளக்கல் பட்டறைகளுக்கும், கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதியாக மாறிவிட்ட பெரிய வீடுகளுக்கும் பில்லிங் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. வாடிக்கையாளர்களோடு பேசுவதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அதிலிருந்து செய்யவேண்டிய வேலைகளை மட்டும் பிரித்து வேலைகளைப் பட்டியலிட்டுக் கண்காணிக்க உதவும் ஜிராவிலோ கிட்ஹப்பிலோ டிக்கெட்டாக, அதாவது ஒரு வேலைக்கு ஒரு பதிவாக, போடுகிற கருவி ஒன்றை எங்கள் வசதிக்காக எழுதிக்கொண்டோம். இப்போது அதை வெளியாருக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறோம், திரை முழுக்கத் தமிழில். மற்ற சொற்களெல்லாம் அமைந்துவிட்டன. குறிப்பில் இருக்கிற ஒரு வரி டிக்கெட்டாகிறதே, அந்தச் செயலுக்கு மட்டும் சொல் சிக்கவில்லை.

அலுவலகத்தில் பேசிப் பார்த்தவை: பணிமாற்றம், ஒருங்கிணைப்பு, பதிவேற்றம். பணிமாற்றம் என்று பொத்தானில் போட்டால், அழுத்தியதும் ராமநாதபுரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும் போலிருக்கிறது. ஒருங்கிணைப்பு எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் பொருந்தாது. பதிவேற்றம் என்றால் கோப்பு அப்படியே போய் உட்காருவது. இங்கே ஒரு மணி நேரப் பேச்சில் நாலைந்து வரிதான் போகிறது, அதுவும் உருமாறித்தான்.

பொத்தான் சின்னது. இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. வினையாகவும் வரவேண்டும்.

—

தேவகோட்டையிலிருந்து:

தம்பி,

நான் மென்பொருள் ஆள் இல்லை, வணிகவியல் பாடம் எடுத்தவள். நீங்கள் கேட்கிற செயலுக்குக் கணக்குப்பதிவியலில் பேர் இருக்கிறது. நடவடிக்கைகள் நடந்த தேதி வரிசையில் குறிப்பேட்டில் எழுதப்படும். பிறகு அங்கிருந்து ஒவ்வொன்றும் அதனதன் கணக்குக்குப் பேரேட்டில் போகும். இதைப் பாடப் புத்தகம் 'எடுத்தெழுதுதல்' என்கிறது. நம் பக்கத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன வீடுகளில் பேரேடு என்றால் விளக்கவே வேண்டாம்.

உங்கள் கூட்டக் குறிப்பும் காலவரிசையில்தானே இருக்கிறது? முதலில் யார் பேசினார், அப்புறம் யார் பேசினார் என்று. டிக்கெட்டுகள் அப்படி இல்லை. இந்த வேலை, இந்த ஆள் என்று பிரிந்து கிடக்கின்றன. கால வரிசையில் இருப்பதை ஆள் வரிசைக்கு மாற்றுகிறீர்கள். ரெண்டும் ஒரே வேலைதான்.

இன்னொன்று. குறிப்பேட்டில் 'பேரேட்டுப் பக்க எண்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. பேரேட்டில் பதிலுக்குக் 'குறிப்பேட்டுப் பக்க எண்' கட்டம். எடுத்தெழுதி முடித்தால்தான் அந்தக் கட்டத்தில் எண் போடுவார்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி இன்னும் போகவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மாணவர்கள் அதை வெறும் சடங்கென்று நினைத்து விட்டுவிடுவார்கள், நான் மதிப்பெண் குறைப்பேன். உங்கள் கருவியில் அந்தக் கட்டம் இருக்கிறதா?

—

சென்னையிலிருந்து (ஊர் பள்ளத்தூர்):

ஆச்சி சொன்னது அருமை. ஆனால் 'எடுத்தெழுதுதல்' பொத்தானுக்குச் சரிவராது. 'சரியான விடையை எடுத்து எழுதுக' என்று தேர்வுத் தாளில் பார்த்துப் பார்த்து, நமக்கு அது பார்த்து எழுதுகிற வேலையாகவே பதிந்துவிட்டது. தவிர, இங்கே யாரும் எழுதவில்லை.

பேரேட்டில் ஏற்றுவதைப் 'பேரேற்றம்' என்றால் என்ன? ஒரு வேலையின் மேல் ஒருத்தர் பேரை ஏற்றுகிறோம் என்றும் படிக்கலாம். பேர் இல்லாத டிக்கெட் யாருக்கும் சொந்தமில்லாத டிக்கெட். கிட்ஹப்பில் தலைப்பு ஒன்று இருந்தாலே இஷ்யூ (டிக்கெட்டுக்கு அங்கே அதுதான் பேர்) திறந்துவிடும், ஆள் பேர் கட்டாயமில்லை. அப்படித் திறந்து கிடப்பவை எத்தனையோ. பேரேற்றம் என்ற சொல்லே அதை ஞாபகப்படுத்தும்.

அண்ணே, ஒரு சந்தேகமும் கேட்டுவிடுகிறேன். வெப்ஹூக் (ஒரு சேவையில் ஏதாவது நடந்ததும் இன்னொன்றுக்குத் தானாகப் போகிற செய்தி) வழியாகத்தான் குறிப்பு வருகிறது என்றால், சில சேவைகள் பதில் கிடைக்காவிட்டால் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ரெண்டு டிக்கெட் விழாதா?

—

காரைக்குடியிலிருந்து:

ஆச்சிக்கும் தம்பிக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேரேற்றம். பொருள் பிடித்திருக்கிறது, சொல் ஏமாற்றுகிறது. பேரன்பு, பேராசை, பேரிடர் வரிசையில்தான் கண் அதைப் படிக்கும். பேரேற்றம் என்றால் பெரிய ஏற்றம். தளக்கல் பட்டறைக்காரர் அந்தப் பொத்தானைப் பார்த்தால் விலையைக் கூட்டுகிறோம் என்று நினைப்பார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் காட்டினேன், 'பதவி உயர்வா?' என்று கேட்டாள். விட்டுவிடுவோம்.

ஆனால் ஆளைப் பற்றித் தம்பி சொன்னதில் இந்தக் கருவியின் மொத்தத் தலைவலியும் இருக்கிறது. ஒரு கூட்டத்திலிருந்து நாலு வரி தருகிறேன், எழுத்தாகி வந்தபடியே:

"பில்லுல கல்லு எண்ணிக்கையும் வரணும், சதுர அடியும் வரணும்."
"பண்ணிருவோம்."
"உடைசல் கழிக்கிறது?"
"அதப் பாத்துக்கிடலாம்."

முதல் வேலை தெளிவு. பத்துக்குப் பத்து அங்குலக் கல் நூறு போனால் ஏறக்குறைய 69 சதுர அடி. விற்பவர் எண்ணிக்கையில் பேசுவார், வாங்குபவர் சதுர அடியில் கேட்பார், பில்லில் இரண்டும் வேண்டும். எந்திரம் அதைச் சரியாகவே எடுத்தது. உடைசலையும் ஒரு டிக்கெட்டாக எடுத்தது, 'பார்க்க வேண்டும்' என்று தலைப்பு வைத்து. நம் ஊரில் 'பாத்துக்கிடலாம்' என்றால் என்னவென்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். பாதி நேரம் அது 'இப்போது வேண்டாம், முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை' என்பதுதான். எழுத்தில் அந்த இழுவை விழாது.

'பண்ணிருவோம்' இன்னும் சிக்கல். பண்ணப்போவது யார்? தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. வினையில் வரும்போது இரண்டுக்கும் அதே 'ஓம்' விகுதிதான். எழுவாயைச் சொல்லாமல் பேசுவதே வழக்கம் என்பதால், கேட்டவரும் சேர்ந்து செய்வாரா, சொன்னவர் மட்டும் செய்வாரா என்று வரியை வைத்துச் சொல்ல முடியாது. 'ஹெச்எஸ்என் எண்ணெல்லாம் போட்டுருவோம்' என்று ஒரு கூட்டத்தில் முடிவானது (ஜிஎஸ்டி பில்லில் பொருளின் வகையைக் காட்டுகிற எண் அது). பட்டறைக்காரர் கொடுப்பார் என்று நாங்கள் இருந்தோம், நாங்களே போடுவோம் என்று அவர் இருந்தார்.

இதனால் எங்கள் கருவி நேராக ஜிராவுக்குப் போவதில்லை. மொழி மாதிரி, அதாவது பேச்சைப் படித்து வேலைகளைப் பிரிக்கிற செயற்கை நுண்ணறிவு, எடுத்துக் கொடுக்கிற வரிகள் முதலில் ஒரு வரைவுப் பட்டியலில் நிற்கும். ஆள் பேர் இல்லாத வரி மஞ்சளாக இருக்கும். ஒரு மனிதர் பார்த்து, பேர் போட்டு, வேண்டாததைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் பொத்தான். அதனால் சொல்லுக்குள் 'தானியங்கி'யைத் திணிக்க வேண்டாம் என்பது என் கட்சி. கையால் செய்தாலும் எந்திரம் செய்தாலும் செயல் ஒன்றுதான். அதற்குத்தான் பேர் வேண்டும்.

நான் வைக்கிற சொல்: எடுத்தேற்றம்.

ஆச்சியின் 'எடுத்து' இருக்கிறது. குறிப்பு முழுவதும் போகவில்லை, தேர்ந்த வரிதான் போகிறது என்பதை அது சொல்லிவிடும். 'ஏற்றம்' பதிவேற்றத்திலிருந்து பழகியது. பொத்தானில் 'எடுத்தேற்று'. 'நேத்து மீட்டிங்க எடுத்தேத்திட்டியா?' என்று பேச்சிலும் வருகிறது. அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தோம், வாய் மறுக்கவில்லை. எடுத்தேற்றிய வரி, எடுத்தேற்றாத வரி என்று பெயரெச்சமும் கிடைக்கிறது.

இனி அந்தக் கட்டம். ஆச்சி, உங்கள் கேள்வியைப் படித்த அன்று மாலையே நிரலைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட்டில் குறிப்பின் இணைப்பு இருந்தது; குறிப்பில் டிக்கெட் எண் இல்லை. அதாவது பேரேட்டில் பக்க எண் உண்டு, குறிப்பேட்டில் காலி. இப்போது ஒவ்வொரு வரைவு வரிக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, டிக்கெட் திறந்ததும் அதன் எண்ணைக் குறிப்பின் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதச் செய்திருக்கிறோம். தம்பியின் சந்தேகத்துக்கும் பதில் அதுவே. வெப்ஹூக் அதே செய்தியை மறுபடி அனுப்பினால், அந்த வரியின் கட்டத்தில் ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இருந்தால் ஒன்றும் செய்யாது. அந்தக் கட்டத்துக்குத் திரையில் 'டிக்கெட் எண்' என்றே போட்டுவிட்டேன். அங்கே சொல் தேடி மெனக்கெட வேண்டாம்.

டிக்கெட் டிக்கெட்டாகவே இருக்கட்டும் என்றும் நினைக்கிறேன். 'பணிச்சீட்டு' என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் 'என் டிக்கெட் என்னாச்சு?' என்றுதான் போன் செய்வார்.

—

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, எடுத்தேற்றம் ஒத்துக்கொள்கிறேன். 'எடுத்தேற்றல்' என்று தொழிற்பெயராகவும் பதிந்துவையுங்கள், உதவிப் பக்கத்தில் விளக்கம் எழுதும்போது வேண்டியிருக்கும்.

ஒரு கேள்வி பாக்கி. பேரேட்டில் தப்பாக எடுத்தெழுதிவிட்டால் அடித்து அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். உடைசல் டிக்கெட்டை என்ன செய்தீர்கள், அழித்தீர்களா?

—

காரைக்குடியிலிருந்து:

அழிக்கவில்லை ஆச்சி. 'செய்யப்போவதில்லை' என்று காரணம் போட்டு மூடினோம், எண் குறிப்பில் அப்படியே நிற்கிறது. அழித்தால் கட்டம் காலியாகி, அடுத்த ஓட்டத்தில் எந்திரம் அதே வரியை மறுபடி வரைவுப் பட்டியலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். மூடியதுக்குத் திரையில் என்ன சொல்வது என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன், 'தள்ளுபடி' வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். அது பில்லில் இருக்கிறது.