நைரோபி முதல் நைவாஷா வரை: மாணவர் கூடாரப் பயணத்தின் முதல் நாளை எப்படி அமைப்பது?

தூரவழி (கேள்வி):
வணக்கம். எங்கள் கல்லூரியின் புவியியல் துறை மாணவர்கள் வரும் ஆகஸ்டில் கென்யாவில் லாரியில் சென்று கூடாரங்களில் தங்கும் பயணம் ஒன்றை மேற்கொள்கிறோம். முதல் நாள் நைரோபியிலிருந்து புறப்பட்டு, நிலம் பிளந்து தாழ்ந்ததால் உருவான பிளவுப் பள்ளத்தாக்கில் (Rift Valley) இறங்கி, நைவாஷா ஏரிக்கரையில் இரவு தங்குவதாகத் திட்டம். எங்களில் பெரும்பாலோர் கூடாரத்தில் உறங்கியதே இல்லை. தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்பதால், அன்றே ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இது சரிப்படுமா?

மலைப்பாதை:
பூங்காவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு அந்தி வெளிச்சம் நீடிக்காமல் மளமளவென்று இருட்டிவிடும். பழக்கமில்லாதவர்கள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முளையடிக்கும் நிலை முதல் இரவிலேயே வரக் கூடாது.

புவியியல் மாணவர்கள் என்பதால், மாய் மாஹியூ என்ற ஊர் வழியாகச் செல்லும் கீழ்ச்சாலையைத் தேர்ந்தெடுக்கும்படி ஓட்டுநரிடம் கேளுங்கள். பிளவின் விளிம்பில் நின்றால் பள்ளத்தாக்கின் தரையும், 2,776 மீட்டர் உயரமுள்ள லோங்கோனோட் எரிமலையும் ஒரே பார்வையில் கிடைக்கும். பாடநூலில் படித்த பிளவுச் சரிவு என்ன என்பதை அந்த இறக்கத்திலேயே உடம்பால் உணர்வீர்கள். சரிவின் அடிவாரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது சாலை போட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் 1942-இல் கட்டிய சிறிய தேவாலயம் ஒன்றும் இருக்கிறது.

நான்கு மணிக்குள் முகாம் சேர்ந்துவிட்டால் எல்லாம் நிதானமாக நடக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து கூடாரம் அடியுங்கள். முளையைச் செங்குத்தாக இறக்காமல், அதன் தலை கூடாரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் காற்றுக்குப் பிடித்து நிற்கும். பிறகு சமையல் முறையை வகுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்க மூன்று தொட்டிகள் வைப்பது வழக்கம்: முதலில் சோப்பு நீர், அடுத்து நல்ல நீர், கடைசியில் கிருமிநாசினி கலந்த நீர். துணியால் துடைத்தால் ஒருவரின் வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் தொற்றிவிடும் என்பதால், தட்டுகளைக் கையில் பிடித்து வீசி வீசியே காயவைப்பார்கள். முதல் நாளிலேயே எல்லோரும் இதைப் பழகிக்கொண்டால் பயணம் முழுவதற்கும் நல்லது.

தூரவழி:
மிக்க நன்றி. ஏரியில் நீர்யானைகள் இருப்பதாக அறிகிறோம். கூடாரத்தில் தங்குவது பாதுகாப்பானதா?

ஏரிக்கரை:
பாதுகாப்பானதுதான், விதிகளைக் கடைப்பிடித்தால். நீர்யானைகள் பகலில் நீரில் கிடந்துவிட்டு, இரவில் புல் மேயக் கரையேறும். இதனால்தான் பல முகாம்களில் ஏரிப்பக்கம் மின்வேலி போட்டு மாலையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வேலி எங்கே ஓடுகிறது, கழிப்பறைக்கு எந்த வழி என்பதை வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொருவரும் நடந்து பார்த்துவிட வேண்டும். இரவில் வேலியைத் தாண்டி யாரும் போகவே கூடாது. மேயும் நீர்யானைக்கும் நீருக்கும் இடையில் மனிதர் வந்துவிட்டால், தப்பிச் செல்லும் வழி அடைபட்டதாக எண்ணி அது பாய்ந்து வரும், ஓட்டத்தில் மனிதரால் அதை வெல்ல முடியாது. கூடாரத்துக்கு அருகே உறுமலும் புல்லைக் கடித்து இழுக்கும் ஓசையும் கேட்டால், ஜிப்பைத் திறக்காமல் அப்படியே படுத்திருங்கள்.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழமோ பிஸ்கட்டோ கூடாரத்துக்குள் இருந்தால் துணியைக் கிழித்தாவது எடுத்துவிடும். உணவு முழுவதும் லாரியிலேயே பூட்டியிருக்கட்டும்.

சாம்பல்மேடு:
ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய போர்வையோடு வருபவர்கள் பலர். நைவாஷா ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் இரவில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் கம்பளிக் குல்லாயும் கட்டாயம் தேவை.

சைவர்களுக்கும் சிரமமில்லை. நம் களியைப் போலக் கெட்டியாகக் கிண்டிய சோள மாவு உகாலியும், வெங்காயமும் தக்காளியும் சேர்த்து வதக்கிய சுகுமா விகி கீரையும் எங்கும் கிடைக்கும்; சப்பாத்தி அங்கே அன்றாட உணவு.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யாவில் அவை 2017 முதல் தடைசெய்யப்பட்டவை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டில்களுக்கும் தேசியப் பூங்காக்களில் 2020 முதல் தடை இருப்பதால், மறுநாள் ஹெல்ஸ் கேட்டுக்குள் நுழைய ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.