இலவச அரிசி ஆளைச் சோம்பேறியாக்கியதா? நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கரிசல்காடு

கல்யாணப் பந்தி ஒன்றில் சித்தப்பா ஆரம்பித்தார். "இருபது கிலோ அரிசியைச் சும்மா கொடுத்துக் கொடுத்து ஒரு பய வேலைக்கு வரமாட்டேங்கிறான்." இலையில் ரெண்டு வகை இனிப்பு, வாயில் இந்தப் பேச்சு. சண்டை போட அது இடமில்லை, விட்டுவிட்டேன்.

இங்கே கேட்கிறேன். பேப்பரில் படித்தது வேண்டாம். சத்துணவோ, ரேஷனோ, காலை உணவோ, உங்கள் கண்ணெதிரே ஒரு வீட்டில் அது எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று எழுதுங்கள்.

என் பங்குக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். சின்ன வயதில் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சத்துணவு வந்ததும் வண்டி நின்றுவிட்டது என்று கதை விட மாட்டேன். ஒரே வீட்டில் மூத்தவளை வண்டியில் ஏற்றிவிட்டு, இளையவளைத் தட்டோடு பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்குப் போனவள் இன்று கிராம நிர்வாக அலுவலர். மூத்தவள் இன்னமும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறாள்.

அடுப்படி

தம்பி, நான் திருவாரூர்ப் பக்கம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த திட்டம் இது. அதற்கு முன்னாலும் மதிய உணவு உண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் ஊர்க்காரர்களின் நன்கொடையை நம்பித் தொடங்கியது. நான் படித்த காலத்தில் கேர் என்ற தொண்டு நிறுவனத்தின் மஞ்சள் மாவும் பால் பவுடரும் வரும். அந்த உப்புமா வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. நல்ல வாடை என்று சொல்ல மாட்டேன்.

விதவைகளுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். பிள்ளைகளின் பசியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டே எத்தனை பெண்கள் தங்கள் வீட்டு அடுப்பையும் எரித்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. (சம்பளம், ஓய்வூதியம் பற்றி மட்டும் கேட்காதீர்கள், விடிய விடிய எழுத வேண்டியிருக்கும்.)

கணக்கு என்னவென்றால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி, அதற்கேற்ப அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் எல்லா நாளும் ஒன்றுதான். அண்டாவில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம் மிஞ்சும். திங்கட்கிழமை ஒரு பருக்கை நிற்காது. சனி, ஞாயிறில் எந்த வீட்டில் உலை வைத்தார்கள், எந்த வீட்டில் வைக்கவில்லை என்பது திங்கட்கிழமை வரிசையிலேயே தெரிந்துவிடும். ரெண்டாம் தடவை தட்டை நீட்டுகிற பிள்ளைகள் யார் யார் என்பது எங்கள் சமையலருக்கு அத்துப்படி. அவர்களுக்கு முதல் தடவையே குவித்து வைத்துவிடுவார். மறுபடி வந்து நிற்கிற கூச்சம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாமே.

முட்டை 1989இல் வந்தது. முதலில் ரெண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் வருகை தனியாக ஏறும், காய்ச்சல் என்று படுத்தவன்கூட எழுந்து வருவான். 2010இல் வாரம் ஐந்து என்று ஆனபின் அந்த ஏற்ற இறக்கம் போய்விட்டது. முட்டையை உரிப்பது லேசான வேலை இல்லை. வெந்ததும் பச்சைத் தண்ணீரில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும். அவசரத்தில் வெள்ளை பிய்ந்துவிட்டால் அந்த முட்டையை ஒரு பிள்ளையும் வாங்காது. பக்கத்துத் தட்டில் முழுசாக இருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் பிய்ந்தது என்று ஒரே அழுகை.

உங்கள் சித்தப்பாவுக்கும் ஒன்று. எங்கள் பக்கம் கூலியை நெல்லாக அளந்த காலம் உண்டு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலித் தகராறின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கு உலை இல்லை. அந்த நிலையில் இருக்கிறவர் எந்த வாயால் கூலி பேசுவார்? வீட்டில் ஒரு மாதத்துக்கு அரிசி இருந்தால் பேசுவார். "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடிகிறது பாருங்கள், அதைத்தான் உங்கள் சித்தப்பா சோம்பேறித்தனம் என்கிறார்.

ஆற்றங்கரை விவசாயி

அக்கா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு எனக்கும் வாய் இருக்கிறது.

நான் மிராசு இல்லை. கொஞ்ச நிலம், அதிலும் குத்தகை உண்டு. நடவுக்கு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போன கதை என்னிடம் இருக்கிறது. என் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று தார்ப்பாய்க்கடியில் கிடக்கும். அப்புறம் அது அரிசியாகி எங்கள் ஊர் ரேஷன் கடைக்கே வரும். நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்று யாராவது கேட்டார்களா?

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அரிசியை வாங்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. என் வயலுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் திருப்பூருக்குப் போனார்கள், அவர்கள் பிள்ளைகள் சிங்கப்பூர் போனார்கள். குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. அரிசி இருந்ததால் வீட்டில் கிழவன் கிழவியை விட்டுவிட்டுத் துணிந்து போக முடிந்தது என்றால், சரி, இருக்கலாம். எனக்கு ஆள் இல்லை என்பதும் நிஜம்தான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

மதுரை மாவட்டம், கிராமத்துத் தொடக்கப் பள்ளி.

எங்களுக்கு "வயிற்று வலி" என்றால் பசி. முதல் பாடவேளையில் யாராவது ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். "என்னடா சாப்பிட்டே?" என்றால் "டீ, பன்னு" என்பான். அதுவும் இல்லாதவன் பதில் சொல்ல மாட்டான். அம்மாக்கள் மேல் குறை சொல்ல முடியாது, மில் வேன் ஆறு மணிக்கே வந்துவிடும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. திருக்குவளையில் விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்து, 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள் என்றார்கள், அந்தக் கணக்கில் நாங்களும் ஒன்று. சமைப்பது மகளிர் குழுப் பெண்கள், பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற அம்மாக்கள்.

முதல் வாரம் சில பிள்ளைகள் சாப்பிடவில்லை. "வீட்டிலேயே சாப்பிட்டுட்டேன் டீச்சர்" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னபோதே புரிந்துவிட்டது, யார் சமைக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. தலைமையாசிரியர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தினமும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் போய் நின்றார், நாங்களும் நின்றோம். பெற்றோரில் ஒருவர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். "எழுதிக் கொடுங்கள், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார் தலைமையாசிரியர். வந்தவர் எழுதாமலேயே போய்விட்டார். அப்புறம் புதன்கிழமைப் பொங்கல் மீதியைப் பார்த்துக்கொண்டது. நெய் வாசனைக்கு முன்னால் வீட்டுக் கட்டளை எத்தனை நாள் நிற்கும்? சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிறது, அவ்வளவுதான்.

வயிற்று வலி இப்போது அபூர்வம். வந்தால் நிஜமான வயிற்று வலி. உப்புமா நாளில் முகம் சுளிக்கிறார்கள், அதையும் நான் முன்னேற்றமாகத்தான் பார்க்கிறேன்!

தொப்பூர்

டீச்சர், மே மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் தருமபுரிப் பக்கம் பாதி ஊர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போவதே பள்ளியில் சோறு உண்டு என்ற தைரியத்தில்தான். லீவு விட்டால் அந்தத் தைரியம் போய்விடும். பிள்ளைகளையும் வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிப் போய்விடுவார்கள். ஜூனில் சிலர் திரும்பி வருவதில்லை. கொரோனாவில் பள்ளி மூடியபோது அரிசி, பருப்பு, முட்டை என்று கையில் கொடுத்தார்களே, அதையே கோடை விடுமுறையிலும் செய்தால் என்ன?

வடசென்னை

இங்கே யாரோ "அரிசிக்குப் பதில் பணமாகக் கொடுக்கலாமே" என்று தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பொதுவிலேயே பதில் சொல்கிறேன். விலை ஏறினால் பணம் சுருங்கும், அரிசி சுருங்காது. இன்னொன்று, 1997இல் மத்திய அரசு ஏழைகளுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. வறுமைக்கோட்டுப் பட்டியல் என்று ஒன்று போட்டிருந்தால் எங்கள் தெருவில் முதலில் விட்டுப்போகிற பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும். கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கத் தெரியாதவர்களுடையது.

ரேஷன் அரிசி மாவு மில்லுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது, எல்லை தாண்டியும் போகிறது. மறுக்கவில்லை. வேண்டாதவர் வாங்கி விற்கிறார். அதைப் பிடியுங்கள், வேண்டியவர் அட்டையைப் பிடுங்காதீர்கள்.

என் கவலை வேறு. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை. கடை மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழாது. "துடைச்சிட்டு வை பாட்டி", "அடுத்த விரல்", "நாளைக்கு வா". பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. போன மாதம் அரிசி வாங்காமலே திரும்பிவிட்டார். யாருக்காவது வழி தெரியுமா?

அடுப்படி

தெரியும் தம்பி. கடைக்குப் போக முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப அங்கீகாரச் சான்றுப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேளுங்கள். சில கடைகளில் கண் கருவிழி பார்க்கிற மெஷினும் வந்துவிட்டது. பாட்டிக்கு என்ன வயது? முதியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கினார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அட்டையோடு போய்ப் பாருங்கள். பாட்டியைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.