புதுப்பிப்பு: வட்டு தெரிந்தது, விண்டோஸ் 11 நிறுவியாயிற்று

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் கணக்கு மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவ முயன்றபோது, எங்கே நிறுவுவது என்று கேட்கும் பட்டியலில் எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு வட்டு) வரவேயில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். வட்டில் பழுதில்லை. 11-ஆம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட அந்தக் கணினியில் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி) இயக்கத்தில் இருந்ததும், அதற்குரிய டிரைவர் (அந்த வசதியோடு விண்டோஸைப் பேசவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் இல்லாததுமே காரணம். வேறொரு கணினியில் டிரைவரைப் பதிவிறக்கி, சுருக்கிய கோப்பை விரித்து, அதே பென்டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, நிறுவல் திரையின் 'லோட் டிரைவர்' வழியாக அதைக் காட்டியதும், வெறுமையாக இருந்த பட்டியலில் 476.9 ஜிபி என்று ஒரு வரி வந்து நின்றது, மனம் நிறைந்துவிட்டது. டேலி கணக்குகளை முந்தைய நாளே வெளிவட்டில் படியெடுத்து, வேறு கணினியில் திறந்தும் பார்த்திருந்ததால்தான் வட்டின் பழைய பகுதிகளை (பார்டிஷன்களை) நீக்கக் கை துணிந்தது. இப்படி வட்டு தெரியவில்லை என்று புது எஸ்எஸ்டி வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் இந்த டிரைவரை ஏற்றிப் பாருங்கள். நூல் பில்களை இப்போது அந்த மடிக்கணினியிலேயே போடுகிறோம்.