ஃபோம் போர்ட்டுக்குப் பின்னால வயர்: ஃபோமை வெட்டுறதா, கல்லை வெட்டுறதா?

உவர்மலை_வீடு:
வணக்கம். வீட்டுக்குப் பின்பக்கம் அம்மாவுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டுறம். 4 இஞ்சி புளொக் கல்லு, மேற்குப் பாத்த சுவர், கச்சான் காத்து மாசங்கள்ல பின்னேரம் அதில கை வைக்க ஏலாது. அதால உள்பக்கம் 25 மிமீ ஃபோம் ஒட்டின 12 மிமீ ஜிப்சம் போர்ட் அடிச்சு ஏசி போடப்போறம். வயரிங் செய்யிற அண்ணை சொல்றார் ஃபோமில கத்தியால சால் வெட்டி வயர வச்சு போர்ட்ட ஒட்டினா ஒரு நாள் வேலை எண்டு. மேசன் சொல்றார் கல்லை வெட்டி வயர்ப் பைப்பைப் புதைக்கோணும் எண்டு. அந்தச் சுவரில ஏசி, ரெண்டு பிளக் பொயின்ட், டிவி, அவ்வளவுதான். யார் சொல்றது சரி?

நிலாவெளி_வயர்மன்:
தம்பி, 22 வருசமா இந்த வேலை செய்யிறன், ஹோட்டல் ரூம்கள் எத்தனையோ ஃபோமுக்குள்ளதான் ஓட்டினனான், ஒண்டும் எரியேல்ல. 4 இஞ்சிக் கல்லை கிரைண்டரால வெட்டினா மற்றப் பக்கம் பூச்சு வெடிக்கும், பிறகு மாரி மழைக்கு அதுக்குள்ளால ஈரம் இறங்கும். 12000 பிடியூ ஏசி இழுக்கிறது 5 ஆம்பியர்தான், அதுக்கு 2.5 சதுர மிமீ வயரில என்ன சூடு வரப்போகுது? வயரிங் அண்ணை சொன்னதே போதும்.

பாலையூற்று_மின்:
அண்ணை, உங்கட அனுபவத்துக்கு மரியாதை இருக்கு, ஆனா ஏசி எவ்வளவு இழுக்குது எண்டதில்ல கணக்கு, அந்த வயருக்கு நீங்க என்ன பிரேக்கர் போடுறீங்க எண்டதுதான் கணக்கு. 7/0.67 வயர், அதாவது 2.5, சுவரில வெளியால கிளிப் அடிச்சு ஓடினா 27 ஆம்பியர் தாங்கும் எண்டு பிஎஸ் 7671, அதான் இங்கிலாந்து வயரிங் விதி, அதின்ட அட்டவணை சொல்லுது. அதே வயரை நாலு பக்கமும் ஃபோம் மூடினா சூடு போக வழியில்ல, பாதி, 13.5. அதுவும் 30 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. எங்கட மேற்குச் சுவருக்கு 40 எண்டு எடுத்தா 0.87 ஆல பெருக்கோணும், 12 கூட வராது. இங்க எல்லாரும் போடுறது 20 ஆம்பியர் பிரேக்கர். ஏசியோட அயர்ன் பொக்ஸும் கேத்திலும் ஒண்டாப் போட்டா 20 வரும், பிரேக்கர் விழாது, வயர்தான் உள்ளுக்குள்ள காயும். ஒரு நாளில எரியாது அண்ணை, வருசக்கணக்கா தோல் காய்ஞ்சு காய்ஞ்சு போய் பிறகுதான் தெரியும், அதுக்குள்ள நீங்க அந்த ஹோட்டலுக்குத் திரும்பப் போயிருக்க மாட்டீங்க.

நிலாவெளி_வயர்மன்:
அப்பிடியெண்டா 10 பிரேக்கர் போட்டு விட்டாச் சரிதானே, கல்லை ஏன் உடைக்கோணும்?

பாலையூற்று_மின்:
ஏசிக்குத் தனி லைன் இழுத்து 10 போட்டா கணக்குச் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா பிளக் பொயின்ட்டுக்கு 10 போட்டா நாளைக்கு அம்மாட மருந்துக்குச் சுடுதண்ணி வைக்கேக்க அயர்ன் பொக்ஸும் போட்டா அது விழும், விழ விழ யாரோ ஒருத்தர் வந்து 20 மாத்தி விட்டுட்டுப் போவார். அதைத்தான் எத்தனை வீட்டில கண்டிருக்கிறன்.

லண்டனில_திருமலை:
இஞ்ச லண்டனில எங்கட ஆக்கள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால எக்ஸ்டென்சன் கட்டேக்க இதே போர்ட்தான் ஒட்டுறது, அது குளிருக்கு, உங்களுக்கு வெக்கைக்கு. நான் 11 வருசமா இந்தத் தொழில். ஒரு கேள்வி, அந்த ஃபோம் என்ன ஃபோம்? போர்ட்ட ஓரத்தில பாருங்கோ. மஞ்சளா, நுரை மாதிரி இறுக்கமா இருந்தா பிரச்சினை குறைவு. வெள்ளையா மணி மணியா இருந்தா அது ரெஜிபோம், அதுக்குள்ள பிவிசி வயரை வெறுமையா வைக்கவே கூடாது. வயர்த் தோலை மெதுவா வச்சிருக்கிற எண்ணெய் மாதிரிச் சாமான் ஒண்டு இருக்கு, அதை ரெஜிபோம் உறிஞ்சும். நான் ஒரு பழைய அறையில போர்ட்டக் கழட்டினனான், ரெஜிபோம் வயரைச் சுத்தி உருகின மெழுகு மாதிரி ஒட்டிக் கிடந்தது, நகத்தால சுரண்டித்தான் எடுத்தன், எடுத்த துண்டை விரலில சுத்திப் பாக்க வெள்ளைத் தோல் சடக்கெண்டு வெடிச்சு உள்ள பிரவுண் வயர் தெரிஞ்சுது. அந்த லைனில கரண்ட் பெரிசா ஓடவே இல்ல, ஒரு லாம்புதான்.

உவர்மலை_வீடு:
இப்பதான் ஹார்ட்வெயார் கடைக்குப் போய்ப் பாத்திட்டு வாறன். வெள்ளை. மணி மணியா.

லண்டனில_திருமலை:
அப்ப பைப் இல்லாம வேண்டாம். பிவிசி பைப்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல, அது இறுகின பிவிசி, அந்த எண்ணெய்ச் சாமான் அதில இல்ல.

அலஸ்தோட்டம்_அக்கா:
எனக்கு ஆம்பியர் கணக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்றன். எங்கட ஹோலில இப்பிடித்தான் போர்ட்டுக்குப் பின்னால வயர் ஓடினது, பிளக்கில இருந்து பிளக்குக்கு குறுக்கால சரிவா இழுத்திருக்கினம், கிட்ட வழி எண்டு. டிவி பிறாக்கெட் அடிக்க இவர் டிரில் போட்டார், நேரா வயருக்குள்ள. கரண்ட் கசிஞ்சா தானா விழுற டிரிப் சுவிட்ச் உடன விழுந்தபடியா தப்பினார். டிரிப் சுவிட்ச் இல்லாத வீடெண்டா நினைக்கவே பயமா இருக்கு. தம்பி, அம்மாட அறை எண்டு சொல்றீங்க, சரிவா ஒரு வயரும் விடாதீங்கோ.

பாலையூற்று_மின்:
அக்கா சொன்னது பெரிய விஷயம். 50 மிமீ ஆழத்துக்குள்ள மறைச்சு ஓடுற வயர் பிளக்குக்கோ சுவிட்சுக்கோ நேர் மேல, நேர் கீழ, இல்லாட்டி நேர் பக்கத்தில மட்டும்தான் போகோணும், அதோட 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் கட்டாயம். உங்கட போர்ட் 37 மிமீதான், ஒரு சாதாரண ஆணியே பின்னால போய்ச் சேரும்.

நிலாவெளி_வயர்மன்:
சரி, ரெஜிபோம் விஷயம் எனக்குப் புதுசு, நான் போட்டதெல்லாம் மஞ்சளா வெள்ளையா எண்டு இப்ப யோசிக்கிறன். ஆனா கல்லு விஷயத்தில விட்டுக்குடுக்க மாட்டன். ஓட்டைக் கல்லில மேசன் படுக்கையா ஒரு கோடு வெட்டினா அந்தச் சுவர் முடிஞ்சுது.

லண்டனில_திருமலை:
அண்ணை சொல்றது சரிதான், அதில சண்டை இல்ல. இங்கிலாந்து விதிப்படி சுவர்த் தடிப்பில மூண்டில ஒரு பங்குதான் நிலைக்குத்தா வெட்டலாம், படுக்கையா ஆறில ஒண்டு. 100 மிமீ சுவருக்கு நிலைக்குத்தா 33, படுக்கையா 16. 20 மிமீ பைப் படுக்கையா போகவே ஏலாது. அதால சீலிங்குக்கு மேலால வந்து ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் நேர் கீழ இறக்குங்கோ. ஓட்டைக் கல்லெண்டா ஆழ வெட்டவே வேண்டாம், பைப்பைக் கல்லுக்கு மேல கிளிப் அடிச்சிட்டு, பைப் வாற இடத்தில மட்டும் ஃபோமின்ட பின்பக்கத்தைச் சீவி விடுங்கோ. பைப் கல்லில முட்டிக்கொண்டிருந்தா ஒரு பக்கத்தாலயாவது சூடு போகும்.

நிலாவெளி_வயர்மன்:
கூரைச் சீற்றுக்குக் கீழ சீலிங்குக்கு மேல இன்னும் வெக்கை எல்லோ, அதுக்கு உங்கட கணக்கு என்ன சொல்லுது?

பாலையூற்று_மின்:
நல்ல கேள்வி அண்ணை. அங்க 45 எண்டு எடுங்கோ, 0.79. பைப்புக்குள்ள காத்தில ஓடுற 2.5 வயர் 24 தாங்கும், பெருக்கினா 19 கிட்ட. சுவரில இறங்கிறது ஃபோம் மூடின பைப், அதுக்கு 20, 40 டிகிரியில 17 சொச்சம். ரெண்டு இடத்திலயும் 16 பிரேக்கருக்கு இடம் இருக்கு. 20 போடக்கூடாது. ஏசியைத் தனி லைனா விட்டா அம்மா கேத்தில் போடேக்க 16 தாராளமாக் காணும்.

நிலாவெளி_வயர்மன்:
16 எண்டா நான் ஒத்துக்கொள்ளுறன். இதைவிட சுவருக்கு மேல கேசிங், அதான் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி, அடிச்சு வெளியாலயே விட்டா ஒரு பிரச்சினையும் இல்ல எண்டதுதான் என்ர எண்ணம், பழுது வந்தாலும் கழட்டலாம், அழகு பாக்கிற ஆக்களாலதான் இவ்வளவு கரைச்சலும். தம்பி, இன்னொண்டு, ஏசிப் பக்கம் வெளியால வாற பைப்பின்ட வாயை சிலிக்கனால அடைச்சு விடுங்கோ. வெளிக் காத்து உப்பும் ஈரமுமா அந்தப் பைப்பால வந்து குளிர்ந்த அறைப் பக்கத்து சன்க் பொக்ஸுக்குள்ள, அதான் பிளக்குக்குப் பின்னால புதைக்கிற பெட்டிக்குள்ள, வேர்க்கும். நிலாவெளியில கடலுக்குக் கிட்ட ஒரு ரூமில பிளக்கைக் கழட்ட ஸ்குறூ எல்லாம் பச்சை பிடிச்சு, பொக்ஸுக்கு அடியில ஒரு தேக்கரண்டி தண்ணி நிண்டது.

உவர்மலை_வீடு:
எல்லாருக்கும் நன்றி. அம்மா கேசிங் வேண்டாம் எண்டிட்டா, பல்லி முட்டை போடுமாம். கல்லு உடைச்சுப் பாத்தம், ஓட்டைக் கல்லுதான், அதால பைப் கல்லுக்கு மேலால, நேர் கீழ மட்டும். 35 மிமீ சன்க் பொக்ஸ் போர்ட்டுக்குள்ளயே அடங்குது, கல்லைத் தொடவே தேவையில்ல. வயரிங் அண்ணையோடயும் கதைச்சன், முதல்ல முகம் சுழிச்சார், பிறகு அந்த ரெஜிபோம் கதையைக் கேட்டிட்டு தான் போன வருசம் முடிச்ச ஒரு வீட்டைப் போய்ப் பாக்கோணும் எண்டார். போர்ட் ஒட்ட முதல் மெகர், அதான் வயர்த் தோலைச் சோதிக்கிற மீற்றர், வச்சுப் பாப்பம் எண்டும் அவரே சொன்னார். பைப் அடிச்ச உடன அளவு டேப்பை வச்சுப் படம் எடுத்து இதில போடுறன், பிழை இருந்தா சொல்லுங்கோ, போர்ட் ஒட்டுறது வெள்ளிக்கிழமை.