மறுமொழி: சுவர்ச் செடியும் ‘இயற்கைமயமான’ என்ற சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> படத்தில் இருப்பது ஐவிதானே? ‘இயற்கைமயமான களை’ என்று குறித்துவிடலாமா?

இரண்டுமே ஒத்துவராது.

இலை ஐந்து மடல்களுடன் ஐவியை உரித்து வைத்தாற்போல் இருப்பதால் மயக்கம் வருவது இயல்பே. பூவைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில், வாய் மூடிய உதடுகள் போன்ற வெளிர் ஊதாப் பூ. கீழுதட்டில் மஞ்சள் புடைப்பு. பின்புறம் குட்டி வால். ஐவியோ மரத்தண்டுக் கொடி. அதன் பூக்கள் மஞ்சள் கலந்த பச்சையில் கொத்தாக இருக்கும். எனவே இது சிம்பலேரியா முராலிஸ். ‘முராலிஸ்’ என்றாலே சுவருக்குரியது என்றுதான் பொருள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘naturalised’ எனப்படும் தாவரத்தைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்பதே கேள்வி. இதன் தாயகம் தெற்கு ஐரோப்பா. பிரிட்டனுக்குத் தோட்டச் செடியாக வந்து, 17ஆம் நூற்றாண்டிலேயே வேலி தாண்டிவிட்டது. இன்று அங்கே பழைய சுவர்களில் யாரும் விதைக்காமலே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. இந்த நிலையைத்தான் நம் சொல் சுட்ட வேண்டும். ‘இயற்கைமயமான’ என்றால் முன்பு அது செயற்கையாக இருந்ததோ என்று தோன்றும். ‘வேரூன்றிய’ அழகான சொல்தான். ஆனால் தாவரவியலில் தொட்டிச் செடியும் வேரூன்றியதே. ‘வந்தேறி’யை நான் அடியோடு மறுக்கிறேன். மனிதர்களை இழிக்கப் பயன்பட்ட சொல் அது; அறிவியலுக்குள் அந்தக் கசப்பு நுழையக் கூடாது.

என் பரிந்துரை: ‘குடிகொண்ட அயல்தாவரம்’. குடி என்பதில் வீடும் இருக்கிறது, வழித்தோன்றலும் இருக்கிறது. இந்தச் செடியே அதற்குச் சான்று. பூத்திருக்கும்போது அதன் காம்பு வெளிச்சத்தை நோக்கி நீண்டு நிற்கும். கருவுற்றதும் அதே காம்பு திரும்பி, இருளை நாடி வளர்ந்து, விதைப்பையைக் கல்லிடுக்கில் கொண்டுபோய்ச் செருகும். தன் பிள்ளைகளுக்குத் தானே இடம் பார்த்து வைக்கும் செடியைக் ‘குடிகொண்டது’ என்னாமல் வேறு எப்படிச் சொல்வது?

சில பருவங்கள் மட்டும் தலைகாட்டி, மீண்டும் கொண்டுவந்தால்தான் நீடிக்கும் என்ற நிலையில் உள்ளவற்றை ‘வந்துபோகும் அயல்தாவரம்’ என்போம். கட்டுக்கடங்காமல் பரவுபவற்றுக்கு ‘ஊடுருவும்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

பெயர்ச்சொல்லாக ‘குடிகொள்ளல்’ போதும் என்று நினைக்கிறேன். அட்டவணைத் தலைப்பில் நீளமாகத் தெரிந்தால் ‘குடிகோள்’ எனச் சுருக்கலாமா? ‘கால்கொள்’ என்பதிலிருந்து ‘கால்கோள்’ பிறந்த வழிதான். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்