டெபியன் 13-ல் விர்ச்சுவல்பாக்ஸ் கிளம்ப மாட்டேங்குது, குடமுழுக்கு மலர் எக்ஸ்பிக்குள்ள இருக்கு

அச்சுக்கூடம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் அப்பா ஆரம்பிச்ச டி.டி.பி. கடையை இப்ப நான் பார்த்துக்கிறேன். போன வாரம் ஊர்க்கோயில் திருப்பணிக் கமிட்டியிலேர்ந்து வந்தாங்க. 2013 குடமுழுக்குக்கு மலர் போட்டுக்கொடுத்தது அப்பாதான். பன்னிரண்டு வருஷம் முடிஞ்சு மறுபடி குடமுழுக்கு வருது. பழைய மலர்ல இருக்கிற தலவரலாறு, கல்வெட்டுப் பாடம், உபயதாரர் பட்டியல் மூணையும் எடுத்துப் புது மலர்ல சேர்க்கணும்னு கேட்கிறாங்க.

கோப்பு பத்திரமா இருக்கு. ஆனா அது பேஜ்மேக்கர் 7 கோப்பு. எழுத்துரு யூனிகோடுக்கு முந்தின வகை. அந்தத் தமிழ் மென்பொருள் யூ.எஸ்.பி. டாங்கிள் (உரிமச் சாவி) செருகினாத்தான் திறக்கும். எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பியில. அந்தக் கணினி பழுதானப்போ அதோட வட்டை அப்படியே ஒரு வி.டி.ஐ. கோப்பா மாத்தி, டெபியன் 12 லினக்ஸ்ல விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள்ள இன்னொரு கணினியை ஓட்டுற மென்பொருள்) போட்டு ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு குறையும் இல்ல.

இப்ப மடிக்கணினிக்குப் புது எஸ்.எஸ்.டி. போட்டு, டெபியன் 13 புதுசா ஏத்தினேன். கர்னல் (இயங்குதளத்தோட மையப்பகுதி) 6.12. பழைய பென் டிரைவ்ல விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 நிறுவல் கோப்பு இருந்தது, டெபியன் 12-க்குன்னு இறக்கினது. அதை ஏத்தப் போனா ‘லிப்விபிஎக்ஸ்7’ நூலகம் வேணும், கிடைக்கலன்னு நின்னுடுச்சு. அந்த ஒண்ணை மட்டும் டெபியன் 12 தொகுப்புலேர்ந்து தனியா இறக்கிப் போட்டேன். நிறுவல் முடிஞ்சது. எக்ஸ்பியைத் தொடங்கினா ‘கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு, ஆர்சி = -1908’. அதுலயே சொல்லியிருக்கிற ‘விபாக்ஸ்கான்ஃபிக்’ கட்டளையை ‘சு’ போட்டு ரூட்டா (நிர்வாகியா) மாறி அடிச்சேன். அப்படி ஒரு கட்டளையே இல்லங்குது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் மெய்ப்பு கொடுக்கணும். அப்பா கையால அடிச்ச கல்வெட்டுப் பாடம் அது. அச்சுப்பிரதியைப் பார்த்துத் திரும்ப அடிச்சா எங்கயாவது ஓர் எழுத்து மாறிடும்னு பயமா இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.


ஆய்வகத்தார்

வணக்கம் சகோதரி. ஒரு பொறியியல் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆய்வகம் முழுவதையும் டெபியன் 13-க்கு மாற்றியபோது நீங்கள் பட்டதில் பாதி நானும் பட்டேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த வி.டி.ஐ. கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். ஒன்று உங்கள் மேசையில், இன்னொன்று வேறு வீட்டில். மென்பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப நிறுவலாம். அந்தக் கோப்பு போனால் உங்கள் அப்பா அடித்தது போனதுதான்.

பென் டிரைவில் இருக்கும் பழைய நிறுவல் கோப்பை விட்டுவிடுங்கள். அது டெபியன் 12-இன் நூலகங்களோடு இணைத்துக் கட்டியது. 13-இல் இருப்பது ‘லிப்விபிஎக்ஸ்9’. பழையதை இழுத்து வந்து ஒட்டவைத்தால் இன்று ஓடும், நாளை ஒரு புதுப்பித்தலில் சிக்கும். இரண்டையும் நீக்குங்கள். டெபியனின் நிலையான தொகுப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் கிடையாது. 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதலே இல்லை. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் தளத்திலேயே ‘ட்ரிக்ஸி’ (டெபியன் 13-இன் பெயர்) என்று பெயர் போட்டிருக்கும் 7.2 வரிசைக் கோப்பை இறக்குங்கள். உங்கள் பழைய எக்ஸ்பி இயந்திரத்தை அது ஏற்றுக்கொள்ளும்.

கட்டளை இல்லை என்று வந்ததற்குக் காரணம் சின்னது. வெறும் ‘சு’ என்று அடித்தால் டெபியன் உங்கள் பழைய பாதைகளையே வைத்துக்கொள்ளும், ‘எஸ்பின்’ அடைவு அதில் வராது. ‘சு’ அடித்து ஓர் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி போடுங்கள். அப்போது முழு ரூட்டாக நுழைவீர்கள். நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் ‘சூடோ’ (ரூட் உரிமையில் கட்டளை ஓட்டும் வழி) உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று ஊகிக்கிறேன்.

கர்னலுக்கான ஹெடர் தொகுப்பு, ஜி.சி.சி., மேக் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாமல் டிரைவரைக் கட்ட முடியாது. பிறகு ‘விபாக்ஸ்கான்ஃபிக்’ அடித்து, திரையில் என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள்.


அச்சுக்கூடம்

நன்றிங்க அண்ணா. நகல் ரெண்டு எடுத்தாச்சு, ஒண்ணு அத்தை வீட்டு பீரோவுல இருக்கு. 7.2 ஏத்திட்டேன். கழித்தல் குறி போட்டதும் கட்டளை வந்துடுச்சு. சூடோ பத்திச் சொன்னதும் சரிதான்.

இப்ப வேற செய்தி. கணினி செக்யூர் பூட் முறையில ஓடுது, ஆனா டிரைவருக்குக் கையெழுத்துப் போடுற சாவியைத் தானா உண்டாக்குற கருவி உங்க வினியோகத்துல இல்ல, நீங்களே உண்டாக்கிக்குங்கன்னு சொல்லி நாலு வரி கட்டளை காட்டுது. அதுல ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’னு நீளமா ஒரு வரி. பார்த்ததும் கை வைக்கத் தயக்கமா இருந்தது. பயாஸ்ல போய் செக்யூர் பூட்டை அணைச்சா முடிஞ்சதுன்னு கடைக்கு வர்ற தம்பி ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?


ஆய்வகத்தார்

அணைத்தாலும் ஓடும். ஆனால் கடையில் பல பேருடைய பென் டிரைவ் செருகும் கணினி அது. எனக்கு அணைக்க மனம் வராது.

நடப்பது இதுதான். செக்யூர் பூட் இருந்தால், தனக்குத் தெரிந்த சாவியால் கையெழுத்திட்ட டிரைவரை மட்டுமே கர்னல் உள்ளே விடும். டெபியன் தரும் டிரைவர்களுக்கு அந்தக் கையெழுத்து உண்டு. விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் உங்கள் கணினியிலேயே கட்டப்படுவது, அதற்குக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது. அந்த நாலு வரியும் உங்களுக்கென்று ஒரு சாவியை உண்டாக்கிக் கணினியிடம் பதிவுசெய்கின்றன. திரையில் வந்தபடியே, ஓர் எழுத்து மாறாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ‘சூடோ’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம், நீங்கள்தான் ரூட்டாக இருக்கிறீர்களே.

மூன்றாவது வரி கடவுச்சொல் கேட்கும். புதிதாக ஒன்று கொடுத்துத் தாளில் எழுதிவையுங்கள், அடுத்த நிமிடமே தேவைப்படும். நாலாவது வரி கணினியை மறுதொடக்கம் செய்யும். அப்போது ஒரு நீலத் திரை வரும், சில நொடிதான் காத்திருக்கும். ஏதாவது விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். திரும்பி வந்து டிரைவரை மறுபடி கட்டுங்கள்.


அச்சுக்கூடம்

முதல் தடவை நீலத் திரையைத் தவறவிட்டேன். ஜெராக்ஸுக்கு ஆள் வந்துட்டாங்க, திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள டெபியன் திறந்துடுச்சு. மூணாவது வரியை மட்டும் மறுபடி அடிச்சு, பக்கத்துலயே உட்கார்ந்து, ரெண்டாவது தடவை சரியாப் பதிஞ்சேன். டிரைவர் ஏறிடுச்சு, 1908 போயிடுச்சு.

ஆனா எக்ஸ்பியைத் தொடங்கினா இப்ப புதுப் பிழை. ‘வெர் விஎம்எக்ஸ் இன் விஎம்எக்ஸ் ரூட் மோட்’. கீழே எழுதியிருக்கிறதைப் படிச்சதும் மனசு விட்டுப்போச்சு. கே.வி.எம்.மை நீக்கி, கர்னலையே திரும்பக் கம்பைல் பண்ணி, மறுதொடக்கம் செய்யணுமாம். நான் கே.வி.எம்.னு எதையும் நிறுவவே இல்லையே அண்ணா. டெபியன் 12-ல இதே மடிக்கணினி, இதே இன்டெல் ஐ5. அப்ப ஏன் வரல?


ஆய்வகத்தார்

கர்னலைக் கம்பைல் செய்ய வேண்டாம். அந்தச் செய்தி பழைய காலத்துக்கு எழுதியது.

கே.வி.எம். என்பது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கும் மெய்நிகராக்கம். 2007-இல் வந்த 2.6.20 முதல் இருக்கிறது. நீங்கள் நிறுவாவிட்டாலும், செயலியில் வி.டி.எக்ஸ். (மெய்நிகர் இயந்திரம் ஓட்ட உதவும்) வசதி இருந்தால் கணினி கிளம்பும்போதே கே.வி.எம்.மின் மாட்யூல் (கர்னலில் ஏறும் துண்டு) ஏறிக்கொள்ளும். டெபியன் 12-இலும் ஏறியது. ஆனால் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்கினால்தான் அது வி.டி.எக்ஸ்-ஐக் கையில் எடுக்கும், அதுவரை சும்மா இருக்கும். அந்த இடைவெளியில்தான் விர்ச்சுவல்பாக்ஸ் உங்களுக்கு ஓடியது.

2024 நவம்பரில் வந்த 6.12-இல் இந்த இயல்பை மாற்றினார்கள். மாட்யூல் ஏறும்போதே வி.டி.எக்ஸ். கே.வி.எம். கைக்குப் போய்விடுகிறது. உங்கள் கடைக் கணக்கில் சொன்னால், கட்டிங் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. முன்பெல்லாம் ஆள் வந்து ஓரமாக நிற்பார், தாள் வந்தால்தான் மெஷினில் கை வைப்பார். இப்போது கடை திறந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து வருபவருக்கு இடமில்லை. 6.1 பதிப்பு முதல் விர்ச்சுவல்பாக்ஸும் வி.டி.எக்ஸ். இல்லாமல் ஓடாது என்பதால், மறுத்து நின்றுவிடுகிறது.

முதலில் சோதித்துப் பாருங்கள். ரூட்டாக ‘மோட்ப்ரோப்’, இடைவெளி, கழித்தல் குறியோடு ‘ஆர்’, இடைவெளி, ‘கேவிஎம் அடிக்கோடு இன்டெல்’ என்று அடியுங்கள். கட்டளை எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். உடனே எக்ஸ்பியைத் தொடங்கினால் ஓட வேண்டும். மறுதொடக்கம் வரைதான் இது நிற்கும்.

ஓடினால் நிரந்தரமாக்கலாம். ‘இடிசி’ அடைவுக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘க்ரப்’ என்ற கோப்பு. அதில் ‘கொயட்’ என்ற சொல் வரும் வரியில், மேற்கோள் குறி முடிவதற்கு முன் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்: கேவிஎம், புள்ளி, எனேபிள், அடிக்கோடு, விர்ட், அடிக்கோடு, அட், அடிக்கோடு, லோட், சமக்குறி, 0. நடுவில் இடைவெளி கூடாது. சேமித்து ‘அப்டேட்-க்ரப்’ அடித்து மறுதொடக்கம் செய்யுங்கள். மாட்யூலை அடியோடு தடைசெய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்த வழி பிடிக்கும், கே.வி.எம். தன் பழைய இயல்புக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட மட்டும் முயலாதீர்கள்.


மூன்றாமாண்டு மாணவன்

அக்கா, குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். இவ்வளவு சிரமப்பட்டு ஏன் விர்ச்சுவல்பாக்ஸ்? கே.வி.எம். கர்னல்லயே இருக்கு, அதை ஓட்டுற விர்ட்-மேனேஜர் டெபியன் தொகுப்புலயே கிடைக்குது. சாவி, கையெழுத்து எதுவும் வேணாம். வி.டி.ஐ. கோப்பை ‘க்யூஎமு-இமேஜ்’ கருவியால க்யூகவ்2 வடிவத்துக்கு மாத்திட்டா போதும். டாங்கிளையும் உள்ளே கொடுக்க முடியும். நான் விடுதியில இப்படித்தான் மூணு இயந்திரம் ஓட்டுறேன். கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் கட்டுற கவலையே இல்ல.


ஆய்வகத்தார்

தம்பி சொல்வது சரி. புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இது ரெண்டு வருஷமாக ஓடிய பழைய எக்ஸ்பி. வன்பொருள் மாறியதைக் கண்டால் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். வட்டுக் கட்டுப்பாட்டியை ஐ.டி.இ. என்று சரியாகக் கொடுக்காவிட்டால் 7பி என்ற நீலத் திரையில் நிற்கும். டாங்கிள் மென்பொருள் புது இடத்தை ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மெய்ப்பை வைத்துக்கொண்டு இதில் இறங்கக் கூடாது. குடமுழுக்கு முடியட்டும், நகலை வைத்து நிதானமாகச் செய்யலாம்.


அச்சுக்கூடம்

அண்ணா, ஓடிடுச்சு! மோட்ப்ரோப் அடிச்ச அடுத்த நிமிஷம் எக்ஸ்பி திறந்துடுச்சு. அப்பா வச்ச முருகன் படம் பின்னணியில அப்படியே இருக்கு. க்ரப் கோப்புலயும் சேர்த்து, ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன், நிக்குது.

ஒண்ணு பாக்கி. டாங்கிள் செருகினா டெபியனுக்குத் தெரியுது, விர்ச்சுவல்பாக்ஸ் யூ.எஸ்.பி. பட்டியல் காலியா இருக்கு. எக்ஸ்டென்ஷன் பேக் போடணுமா?


ஆய்வகத்தார்

மகிழ்ச்சி. எக்ஸ்டென்ஷன் பேக் இதற்குத் தேவையில்லை, 7.0 முதல் யூ.எஸ்.பி. வசதி அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது. உங்கள் பயனர் பெயர் ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ குழுவில் இருக்காது. ரூட்டாக ‘யூசர்மாட்’ கட்டளையில் கழித்தல் குறியோடு சின்ன ‘ஏ’, பெரிய ‘ஜி’ சேர்த்து, குழுவின் பெயர், உங்கள் பெயர் என்று கொடுங்கள். அந்த ‘ஏ’ விடுபட்டால் மற்றக் குழுக்களிலிருந்து உங்களை எடுத்துவிடும், கவனம். பிறகு முழுவதும் வெளியேறி உள்ளே வாருங்கள், முனையத்தை மூடித் திறந்தால் போதாது.

இயந்திர அமைப்பில் யூ.எஸ்.பி. 1.1 அல்லது 2.0 தேர்ந்தெடுங்கள். 3.0-க்கு எக்ஸ்பியில் டிரைவர் இல்லை. இன்னொன்று, எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டது. அதன் நெட்வொர்க்கைத் துண்டித்தே வையுங்கள்.


அச்சுக்கூடம்

டாங்கிள் ஏத்துக்கிச்சு. யூ.எஸ்.பி. 1.1 வச்சேன். நெட்வொர்க்கை எடுத்துட்டேன். நேத்து ராத்திரி மலர் முழுசாத் திறந்து, முதல் வேலையா பி.டி.எஃப். எடுத்து வச்சேன்.

உரையைத் தனியா எடுத்து யூனிகோடுக்கு மாத்த ஆரம்பிச்சிருக்கேன். பழைய எழுத்துருவுல கொம்பு மெய்க்கு முன்னால பதிஞ்சிருக்கும், யூனிகோடுல பின்னால வரணும். மாத்துற கருவி பெரும்பாலும் சரியாப் போடுது, ‘கொ’, ‘கௌ’ வர்ற இடத்துலதான் சில தடவை தப்புது. உபயதாரர் பட்டியல் முடிஞ்சது. கல்வெட்டுப் பாடத்தை மட்டும் கருவியை நம்பி விடல. அம்மா பி.டி.எஃப்.-ஐப் பார்த்து வாசிக்கிறாங்க, நான் திரையில ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பார்க்கிறேன். இப்ப மூணாம் பக்கத்துல இருக்கோம்.