டிப்ளோமாக்காரருக்கு ஒப்பரேட்டிங் சிஸ்டம் எதற்கு?

முறிகண்டி_பஸ் (இழையைத் தொடங்கியவர்)

என் தங்கச்சி கிளிநொச்சியில் கணினி டிப்ளோமா படிக்கிறாள். என்விகியூ 5, அதாவது தேசிய தொழில் தகைமையில் ஐந்தாம் மட்டம். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் கவிழ்ந்துவிட்டது: ஒப்பரேட்டிங் சிஸ்டம் (கணினியை நடத்தும் மென்பொருள்), டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்). வீட்டில் ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

நான் யூடியூப் பார்த்து எட்டு மாதத்தில் வேர்ட்பிரஸ் பழகினவன். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். இதுவரை ஒருவரும் என்னிடம் லிங்க்ட் லிஸ்ட் என்றால் என்ன என்று கேட்டதில்லை. "தம்பி, எவ்வளவு, எப்ப முடியும்?" இவ்வளவுதான் கேள்வி. டிப்ளோமா என்பது தொழில் பழகும் படிப்பு. கம்பஸ் பாடத்தை அரைகுறையாக வெட்டி இதற்குள் ஏன் திணிக்கிறார்கள்? அந்த இரண்டையும் தூக்கிவிட்டு லாராவெல், கிட் மாதிரி வேலைக்கருவிகள், மொபைல் ஆப், கொஞ்சம் ஆங்கிலம் படிப்பித்தால் என்ன குறைந்துபோகும்? அடிக்க விரும்புகிறவர்கள் அடிக்கலாம்.

நெல்மூட்டை

அடிக்கத்தான் வந்தேன், தம்பி.

அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் பார்த்துக் கொடுப்பது என் வேலை. போன காலபோக அறுவடை நேரம் பரந்தன் பக்கம் ஓர் ஆலையிலிருந்து அழைப்பு. வாசலில் லொறி வரிசை நிற்கிறது, ஒரு விவசாயியின் பழைய கணக்கை எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கணினி பழசு, மாற்ற வேண்டும் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். திறந்து பார்த்தால், மூன்று வருடப் பில்லும் ஒரே அட்டவணையில், இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்று, இல்லவே இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறது. போதாததற்கு, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் இன்னொரு லூப். ஒரு இன்டெக்ஸ் போட்டு, உள் லூப்பை எடுத்தேன். கண் மூடித் திறக்குமுன் கணக்கு வந்தது. புதுக் கணினி வாங்கவில்லை.

இன்னொரு கடையில் பில் போடும்போது கரண்ட் போய்விட்டது. ஸ்டொக்கில் பத்து மூட்டை உரம் குறைந்திருக்கிறது, பில்லோ இல்லை. அந்தப் பத்து மூட்டைக்கும் கடையில் நின்ற பெடியனைச் சந்தேகப்பட்டார்கள். ஸ்டொக்கைக் குறைப்பதும் பில்லைப் பதிவதும் ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள் இருந்திருந்தால், இரண்டும் நடந்திருக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடந்திராது. எழுதியவருக்கு அது தெரியவில்லை. பழி ஒரு பெடியன் தலையில்.

முறிகண்டி_பஸ்

அண்ணை, நீங்கள் சொன்னது எல்லாம் டேட்டாபேஸ். அதை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நெட்வொர்க்கும் இருக்கட்டும். என் சண்டை மற்ற இரண்டோடு.

நெல்மூட்டை

இன்டெக்ஸ் என்ன, வானத்தில் இருந்தா விழுந்தது? உள்ளே இருப்பது பெரும்பாலும் பி-ட்ரீ என்ற மர அமைப்பு, அது டேட்டா ஸ்ட்ரக்சர். உங்கள் தங்கச்சி கவிழ்ந்த அதே பாடம்தான். வரிசைப்படுத்திய 10 லட்சம் பதிவில் ஒன்றைத் தேட, பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் 20 ஒப்பீடு போதும். வரிசையாகப் பார்த்தால் 10 லட்சம் வரை போகலாம். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தவன் அந்த ஆலைக்கு அப்படி எழுதியிருக்க மாட்டான்.

பாலைமரம்

இரண்டு பேருக்கும் எதிராகக் கதைக்கிறேன்.

கொழும்பில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு இப்போது வவுனியாவில் வீட்டில் இருந்தே வேலை. எனக்கு நடந்த நேர்முகங்களில் கேட்டது ஒப்ஜெக்ட், கிளாஸ், எஸ்கியூஎல் ஜொயின், கிட். ஒரு இடத்தில் மட்டும் டேட்டா ஸ்ட்ரக்சரில் ஸ்டாக், கியூ வித்தியாசம். ஆகவே முறிகண்டி சொல்வதில் பாதி சரி.

ஆனால் பாடத்தைத் தூக்குவது மருந்தில்லை. நான் படித்தபோது டெட்லொக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுபோவது) பாடம் நடந்த விதம் இது: நான்கு நிபந்தனை, சேர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுது. ஒரு வளத்தை ஒருவர்தான் பிடிக்கலாம், பிடித்ததை விடாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார், பறிக்க முடியாது, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வரும். 1971இல் கொஃப்மனும் கூட இருந்தவர்களும் எழுதியது. நாலையும் பிழையில்லாமல் ஒப்புவித்தேன், முழுப் புள்ளி. வேலைக்குப் போய் இரண்டாம் மாதம் இரண்டு ட்ரான்சாக்‌ஷன் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றபோது, அது நான் படித்த சாமான்தான் என்று எனக்கே தெரியவில்லை! பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அப்படிப் படிப்பிப்பதானால் தூக்கிவிடுவதே மேல்.

மாங்குளம்_சந்தி

நான் இப்படியான ஒரு வகுப்பில் வருகைதரு விரிவுரையாளர். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

முதலில் மொழி. ஓ.எல். வரை பிள்ளை 'பணிசெயல் முறைமை' என்று தமிழில் படித்துவிட்டு வருகிறது. டிப்ளோமாவில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலம். ப்ரோசஸ், த்ரெட், ஷெட்யூலிங் என்று பத்துப் புதுச் சொல் ஒரே மணித்தியாலத்தில். பாதிப் பேர் கவிழ்வது பாடத்தில் இல்லை, சொல்லில்.

அடுத்தது, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்ற பயத்தில் லாபில் இருக்கவும் மனம் வராது. தாளில் சி நிரல் எழுதிப் பொயின்டர் படித்தவர்களை எனக்குத் தெரியும். நீந்தப் பழகுவதைக் கரும்பலகையில் காட்டின மாதிரி.

நான் ஷெட்யூலிங்கை, அதாவது எந்த வேலைக்கு எப்போது கணினி நேரம் என்பதை, சிறுபோகத் தண்ணீரை வைத்துத்தான் தொடங்குவேன். குளத்தில் தண்ணீர் மட்டு, வாய்க்கால் பல. எல்லாத் துருசையும் ஒரே நேரம் திறக்க ஏலாது. முறை வைத்து விடுகிறோம், அதுதான் ரவுண்ட் ரொபின். மேல்வாய்க்கால்காரர் எடுத்துக்கொண்டே இருந்தால் கடைசி வயல் காய்கிறது, அது ஸ்டாவேஷன். கனகாலம் காத்திருந்தவருக்கு முன்னுரிமையைக் கூட்டினால் ஏஜிங். கமக்கார அமைப்புக் கூட்டத்துக்கு அப்பாவோடு போன பிள்ளை எனக்கு முன்னமே பதில் சொல்லிவிடும்.

முறிகண்டி_பஸ்

உவமை வடிவாத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் வேலை தருகிறவர் தண்ணீர் முறையா கேட்கப் போகிறார்? இப்போது ஏஐயிடம் சொன்னால் நிரலை அதுவே எழுதித் தருகிறது. இன்டெக்ஸ் போடச் சொன்னாலும் போடும். இரண்டு வருடத்தில் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு வருடம் காத்திருக்க வசதி இல்லை, அதனால்தான் டிப்ளோமா.

பாலைமரம்

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. அது நியாயம்.

நெல்மூட்டை

வசதி விஷயத்தில் நானும் வாய் திறக்கவில்லை. ஏஐ பற்றி மட்டும் ஒன்று.

ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியலை ஊர் வாரியாக அடுக்கித் தரச் சொன்னார்கள். நானும் சோம்பல்பட்டு ஏஐயிடம்தான் கேட்டேன். மூன்று வரி நிரல், பிழை காட்டாமல் ஓடியது. அச்சடித்துக் கொடுத்தேன். அங்கே இருந்த வயதான எழுதுவினைஞர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, வவுனியாவுக்கு முன்னால வற்றாப்பளை எப்படி வந்தது? மல்லாவிக்கு முன்னால மன்னார்?" என்றார். தமிழ் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி. எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையிலோ நகரத்தை ஒட்டி னகரம், ரகரத்தை ஒட்டி றகரம். நிரல் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. தமிழுக்கான கொலேஷன் (அகரவரிசை விதி) கொடுத்தபிறகு சரி வந்தது. எழுத்து கணினிக்குள் எண்ணாக இருக்கிறது, ஒப்பிடுவது அந்த எண்ணைத்தான் என்று படித்திருந்தபடியால்தான் எங்கே கை வைப்பது என்று தெரிந்தது.

'நெடுங்கேணி' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் 30 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று நினைத்து எழுதுகிறவனிடம் நெடுங்கேணிக்காரர் பாதி ஊரோடுதான் நிற்பார்.

மாங்குளம்_சந்தி

முறிகண்டித் தம்பி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. என்விகியூ 5 முடிவிடம் இல்லை. 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். வேலை செய்துகொண்டே மேலே போகிற பிள்ளைகள் உண்டு. இப்போது இந்த இரண்டு பாடத்தையும் வெட்டினால் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். வெட்டத்தான் வேண்டும் என்றால், ஒரு பாடத்துக்கு அறுபது பக்க நோட்ஸ் எழுத வைக்கிறோமே, அதை வெட்டலாம். இதை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். நோட்ஸ் இல்லாவிட்டால் பிள்ளைகள் பரீட்சைக்கு என்ன படிப்பது என்று திருப்பிக் கேட்டார்கள்.

செவ்வரத்தை

வணக்கம். இங்கே மேலே கவிழ்ந்து கிடக்கிற தங்கச்சி நான்தான். அண்ணா போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்தேன். பிறகு எனக்கென்று ஒரு கணக்குத் திறந்தேன்.

எனக்குப் பாடத்தைத் தூக்க வேண்டாம். ஒரு கேள்வி விளங்கவில்லை, அதைச் சொல்லித் தாருங்கள். மூன்று வேலை ஒரே நேரம் வருகிறது. தேவையான நேரம் 5, 3, 1. வந்த ஒழுங்கில் செய்தால் காத்திருப்பு 0, 5, 8. சராசரி 4.33. ரவுண்ட் ரொபினில் குவாண்டம் (ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம்) 2 வைத்தால் காத்திருப்பு 4, 5, 4. அதுவும் 4.33! அப்போ முறை வைத்து என்ன லாபம்? 'ரவுண்ட் ரொபினின் அனுகூலத்தை விளக்குக' என்றிருந்தது. சராசரி குறையும் என்று எழுதினேன், புள்ளி இல்லை.

மாங்குளம்_சந்தி

கணக்கு முழுக்கச் சரி, பிள்ளை. சராசரியை விட்டுவிட்டு மூன்றாவது வேலையை மட்டும் பாருங்கள். முதலில் 8 காத்திருந்தது, இப்போது 4. அரைப் பரப்பு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட வந்தவர், ஐந்து ஏக்கர்க்காரர் முடிக்கும் வரை நிற்கத் தேவையில்லை. நீங்கள் விசையை அழுத்தினால் எழுத்து உடனே திரையில் வருவதும் அப்படித்தான். அனுகூலம் சராசரியில் இல்லை, முதல் பதில் கெதியாகக் கிடைப்பதில்.

பாலைமரம்

சிறிய வேலையை முதலில் செய்தால் காத்திருப்பு 4, 1, 0. சராசரி 1.67தான். அப்போ ஏன் எல்லா இடமும் அதையே வைக்கவில்லை? தங்கச்சி சொல்லட்டும், அண்ணை சொல்லக் கூடாது.

செவ்வரத்தை

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் தேவை என்று முன்னமே தெரிய வேண்டும். உண்மையில் தெரியாது. மற்றது, சின்னது சின்னதாக வந்துகொண்டே இருந்தால் 5 கடைசி வரை காயும்.

நெல்மூட்டை

இந்தப் பிள்ளையையா கவிழ்த்தார்கள்?

முறிகண்டி_பஸ்

திரும்ப எழுதுவதற்குக் காசு கட்டியாயிற்று. என் போனுக்குப் புது லொக்கும் போட்டாயிற்று. நெல்மூட்டை அண்ணை, ஒரு சின்னக் கேள்வி: நான் செய்த கடை வெப்சைட் ஒன்றில் சாமான் 4000 தாண்டினபிறகு தேடல் இழுக்கிறது. உள்பெட்டியில் வரட்டுமா?